பிள்ளைக் காம்பரா ஆயம்மாவும் அவருக்குப் பின்னரும்

சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து நமது கல்லூரிக்கு வந்து படித்தவர்களில் பிள்ளைக் காம்பராவில் வளராதவர் மிகச் சிலரே. பிள்ளை மடுவம் என்றும் சொல்வோம். தாய்மார் விடியற்காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். மலையேறி வேலைசெய்ய இயலாத வயதான பெண்ணொருவர் ஆயம்மாவாக இருப்பார். அவர் பெயர் செக்ரோலில் இருந்ததே தவிர, வேறெந்த ஏட்டிலும் ஏறியதில்லை.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பராமரித்தவர்களின் வரலாற்றை எழுதுவதென்றால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உட்காரப் பிந்திய பிள்ளையையும் பேச்சு வராத பிள்ளையையும் முதலில் கண்டுகொண்டவர் அவர். நோயின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளைக்குச் சோற்றை மசிக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்குப் படுக்கவைத்து ஊட்டினால் புரையேறும் என்பது தெரியும்.

காம்பராவை விட்டு வளர்ந்த பிள்ளை பாட்டியின் பொறுப்பு. தாய் வீட்டில் நின்றால் பேர் இல்லை. பாதி நாள் நின்றால் அரைப் பேர்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, எந்த வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று கணக்கெடுக்கவில்லை. எங்கள் லயத்தில் அப்படி ஒரு பையன் இருந்தான். 70களில் அவன் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறினார். என்னுடன் ஐந்தாம் வகுப்பில் இருந்த அவன் தங்கை பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். நான் இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்தேன்.

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று. ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். நல்ல மாற்றந்தான், ஆனால் அது ஐந்து வயதுவரைக்கும்தான். அதற்குப் பின்? 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியில் பாரபட்சம் கூடாது என்றது. 1997இன் ஒழுங்குவிதி 5 முதல் 14 வயதுவரை பாடசாலை கட்டாயம் என்றது. சட்டம் வந்தாலும் பஸ் வர வேண்டுமே! வந்தாலும், ஏறிப்போகும் இடத்தில் பிள்ளையிடம் தமிழில் பேச ஆசிரியர் வேண்டும். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நமது தோட்டங்களுக்கு இது பெரிய சிக்கல். நுவரெலியாவில் 1988இலேயே மென்கெஃபெப் என்ற அமைப்பு இப்பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. தெரணியகலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் யார் தூக்கிக்கொண்டு போவது?

அரசின் மாதாந்தக் கொடுப்பனவு 3,000 ரூபாவாக இருந்து பின்னர் 5,000 ஆனது. அது குறைபாடுள்ளவருக்குரியது. பார்த்துக்கொள்பவருக்கு ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த வேலைக்காகத் தோட்டத்தில் பேர் விழுந்தது ஆயம்மாவுக்கு மட்டுமே. அவருக்குச் சேமலாப நிதியாவது கிடைத்தது.

அந்தத் தங்கை கொழுந்துக்குப் போகாமல் இறப்பர் பால்வெட்டுக்கே போனாள். இருட்டோடு தொடங்கி, நண்பகலில் பாலை ஒப்படைத்துவிட்டு அண்ணனிடம் திரும்பிவிடலாம் என்பதுதான் காரணம். கலியாணமும் செய்துகொள்ளவில்லை. போன தைப்பொங்கலுக்குப் போனபோது அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். இந்த மலருக்கு எழுதப்போவதைச் சொன்னேன்.

"எழுது. எம் பேரப் போட்றாத," என்று சொல்லிவிட்டு அவர் தாடையை மெதுவாகத் திருப்பினாள்.