மாண்டலினை மாற்றிய ஸ்ரீநிவாஸ்

பேஸ் கிடார் வாங்கியவர்கள் நல்ல சத்தத்துக்காகத் தந்தி, பிக்கப் என்று மாற்றிப் பார்ப்பார்கள். கர்நாடக மேடையில் அதைச் செய்து காட்டியவர் யு.ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர்.

சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு ஜோடிகள். மீட்டியதும் நாதம் சட்டென்று அடங்கிவிடும். ஜோடித் தந்திகளைச் சீராக இழுப்பதும் கஷ்டம். கர்நாடக இசைக்கோ கமகம்தான் உயிர். ஸ்வரம் நீண்டு நின்று அசைய வேண்டும்.

குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் கொண்டுவர வேண்டும். ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். எட்டுத் தந்திகள் போய் ஐந்து ஒற்றைத் தந்திகள் வந்தன. நாதம் நின்றது, கமகம் பேசியது.

1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 'மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா?' என்று சந்தேகப்பட்டவர்களும் பிறகு ரசிகர்களானார்கள். 2014-ல், 45 வயதில் மறைந்தார். 'மாண்டலின்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது!