மைக் செட்டும் டிசியும்

ஆம்ப்ளிஃபயர் இயங்க டிசி மின்சாரம் வேண்டும்; ஸ்பீக்கருக்கோ அது ஆகாது. சுருளில் டிசி நிலையாகப் பாய்ந்தால் கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும், சுருள் சூடேறிக் கருகும். சமவெளியில் இது சின்ன நட்டம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரவேண்டிய கொல்லிமலையில் கதை வேறு. ஆடி மாதம் அறப்பளீஸ்வரர் கோயில் விழாவும் வல்வில் ஓரி விழாவும் நடக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் கருகினால், மாற்றுக்கு மலையிறங்க வேண்டியதுதான். டிசியை ஸ்பீக்கரிடம் அண்டவிடாமல் செய்யும் வழி காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது.

வால்வு செட்டுகளில் அந்த வேலையை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பார்த்தது. வால்வின் பக்கம் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி நின்றாலும், மாறும் மின்சாரம் மட்டுமே மறு சுருளுக்குத் தாவும். அங்கே தொல்லை கொடுத்தது இரண்டு வால்வுகளுக்கு நடுவே நிற்கும் கப்ளிங் கண்டென்சர். காகிதத்தால் செய்த அந்தக் கண்டென்சர் பழசாகிக் கசிந்தால், முந்தைய வால்வின் டிசி அடுத்ததன் கிரிட்டில் ஏறி, வால்வின் தகடு சிவக்கச் சிவக்கக் காயும். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நெடுந்தூரம் ஒயர் இழுக்கும் 100 வோல்ட் லைன் முறையில் டிரான்ஸ்ஃபார்மர் இன்றும் இருக்கிறது. கனம்தான் அதன் குறை.

1956இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் எச். சி. லின், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அமைப்பொன்றை வெளியிட்டார். 12 வோல்ட் பேட்டரி ஒன்றிலேயே ஓடும் இவ்வகை செட்டில் அவுட்புட் முனை 6 வோல்ட்டில் நிற்கும். அதைத் தடுக்க ஸ்பீக்கருக்கு முன்னால் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் வந்தது. இது டிசியை மட்டும் தடுப்பதில்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 4 ஓமில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழும் ஒலி தேயும். சுவிட்ச் போட்டதும் கேட்கும் ‘டப்’ சத்தம், இந்தக் கண்டென்சர் ஸ்பீக்கர் வழியாகவே சார்ஜ் ஆவதால் வருவது. வெயிலிலும் சூட்டிலும் அது உள்ளே காய்ந்துபோனால் முதலில் போவது பேஸ்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் அவுட்புட் முனைகளுக்கு நடுவே ஸ்பீக்கரை மாட்டும் பிரிட்ஜ் முறை, இந்தக் கண்டென்சரையே எடுத்துவிட்டது. தமிழகத்துச் சிற்றூர் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய ‘4440 போர்டு’ இதற்கு நல்ல சான்று. சான்யோவின் எல்ஏ4440 ஐசிக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. தனித்தனியாக ஓட்டினால் ஒவ்வொன்றும் 6 வாட். பிரிட்ஜில் சேர்த்தால் 19 வாட். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் ஸ்பீக்கர்மேல் விழும் வோல்டேஜ் இரட்டிப்பாகிறது. அப்படியானால் கணக்குப்படி வாட் நான்கு மடங்காக வேண்டும். ஐசியின் உள்இழப்பும் சூடும் அதைக் குறைக்கின்றன. இரு முனைகளும் பாதி வோல்டேஜில் சமமாக நிற்பதால் நடுவே உள்ள ஸ்பீக்கருக்கு டிசி தெரிவதே இல்லை. மிஞ்சுவது இரண்டுக்குமிடையே உள்ள சிறு வித்தியாசம், அதாவது டிசி ஆஃப்செட். 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் 8 ஓமில் சுமார் 6 மில்லிஆம்பியர்தான் செலுத்தும், அதனால் கேடில்லை.

ஆனால் இங்கே டிசி தடுக்கப்படவில்லை, ஈடுகட்டப்படுகிறது. அந்த ஈடு ஒரு ஒயரில் குலையும். பழைய வழக்கப்படி ஸ்பீக்கரின் ஒரு முனையைச் சேசிஸில் கொடுத்தால், 12 வோல்ட் செட்டில் 4 ஓம் ஸ்பீக்கர்மேல் 6 வோல்ட் டிசி நேராக விழும்: ஒன்றரை ஆம்பியர், 9 வாட் வெறும் சூடு. இரண்டு சேனல்களின் நெகட்டிவ்களை ஒன்றாகக் கட்டுவதும் இதே வகைத் தவறு. இன்று கைக்கடக்கமான ஸ்பீக்கர்களில் உள்ள 5 வோல்ட் பிஏஎம்8403 ஐசிக்கும் இது பொருந்தும், அதுவும் பிரிட்ஜ்தான். உள்ளீட்டுப் பக்கத்துக் கண்டென்சர் மட்டும் இதிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது, முந்தைய சர்க்யூட்டின் டிசி உள்ளே புகுந்து சமநிலையைக் கெடுக்காமலிருக்க.

பிரிட்ஜ் போர்டை மாட்டுபவர்கள் ஸ்பீக்கர் கொடுக்கும் முன் இரு அவுட்புட் முனைகளுக்கும் இடையே மீட்டரை டிசியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மில்லிவோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் கோளாறு ஐசியிலோ உள்ளீட்டுக் கண்டென்சரிலோ இருக்கும்.