தடயமும் அதைத் தொட்ட கைகளும்: ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கின் வரலாறு



நீதிமன்ற வராந்தாக்களில் நம் மக்களோடு வாழ்நாள் முழுக்க நின்ற ஒருவரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். ஆகவே ஒரு வழக்கைப் பற்றியே பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கு நம் ஊருடையதல்ல. 1995இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கு அது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த வழக்கு. இன்று பலருக்கும் நினைவிருப்பது நீதிமன்றத்தில் ஒரு கையுறை பொருந்தாமல் போன காட்சி மட்டும்தான். அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் இருக்கும் வரலாறுதான் நமக்கு வேண்டியது.

கொலையும் நகரமும்

1994 ஜூன் 12 இரவு, பிரென்ட்வுட் பகுதியின் பண்டி சாலையில் ஒரு வீட்டு வாசலில் இருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் நிக்கோல் பிரவுன் சிம்ப்சன், வயது 35. மற்றவர் அவருடைய நண்பர் ரொனால்டு கோல்டுமேன், வயது 25. குற்றம் சாட்டப்பட்டவர் நிக்கோலின் முன்னாள் கணவர் ஓ.ஜே. சிம்ப்சன். அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரர், விளம்பர முகம், திரைப்பட நடிகர். கறுப்பினத்தவர், ஆனால் வெள்ளையர் வாழும் செல்வந்தர் பகுதியில், அவர்களில் ஒருவராகவே வாழ்ந்தவர். கறுப்பின மக்களின் போராட்டங்களோடு அவருக்குப் பெரிய தொடர்பு எதுவும் கிடையாது.

வழக்கு நடந்த நகரத்துக்கு வேறொரு நினைவு இருந்தது. 1965இல் வாட்ஸ் பகுதியில் எழுந்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். 1991 மார்ச்சில் ரோட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் கட்டையால் அடித்து நொறுக்கியதை ஒருவர் வீடியோவில் பதிவு செய்தார். உலகமே பார்த்த அந்தப் படச்சுருள் கையில் இருந்தும், 1992 ஏப்ரலில் சிமி வேலி நீதிமன்றத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாத ஜூரி அந்தக் காவலர்களைத் தண்டிக்காமல் அனுப்பியது. நகரம் எரிந்தது, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிம்ப்சன் வழக்கின் ஜூரியாக உட்கார்ந்த 12 பேரில் 9 பேர் கறுப்பினத்தவர். காவல்துறை சாட்சி சொல்ல வந்தபோது அந்த நகரத்தில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் கூடவே கூண்டில் ஏறியது.

இரத்தம் சொன்னது

அரசுத் தரப்பிடம் நேரில் பார்த்த சாட்சி இல்லை. கொலைக் கத்தியும் கிடைக்கவில்லை. இருந்தது இரத்தம். கொலை நடந்த இடத்தில், காலடித் தடங்களின் இடப்பக்கமாகச் சொட்டிய துளிகள். சிம்ப்சனின் இடக்கை விரலிலும் வெட்டுக்காயம். அவருடைய வண்டியில் இரத்தம். படுக்கையறையில் கிடந்த காலுறையில் நிக்கோலின் இரத்தம். இடக்கைக் கையுறை கொலைக் களத்திலும், அதன் ஜோடி சிம்ப்சன் வீட்டு வளாகத்திலும் கிடைத்தன. மேரிலாந்தில் உள்ள செல்மார்க் ஆய்வகமும் கலிஃபோர்னியா மாநில ஆய்வகமும் டி.என்.ஏ. சோதனை செய்தன. நடைபாதையில் சொட்டிய ஒரு துளியின் டி.என்.ஏ. வடிவம் சிம்ப்சனுடையதோடு பொருந்தியது, அத்தகைய வடிவம் 17 கோடிப் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்றது அறிக்கை.

டி.என்.ஏ. அப்போது நீதிமன்றத்துக்குப் புதிது. மார்சியா கிளார்க், கிறிஸ்டோபர் டார்டன் ஆகியோர் தலைமையிலான அரசுத் தரப்பு, எண்ணைச் சொன்னால் வழக்கு முடிந்துவிடும் என்று நம்பியது. எதிர்த்தரப்பு அந்த எண்ணோடு மல்லுக்கு நிற்கவில்லை. அந்தத் துளி தரையிலிருந்து ஆய்வகத்துக்கு எந்தக் கைகள் வழியாகப் போனது என்று மட்டும் கேட்டது.

அதைக் கேட்டவர்கள் நியூயார்க்கிலிருந்து வந்த பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரு வழக்கறிஞர்கள். தடயம் சேகரித்த டென்னிஸ் ஃபங் ஒன்பது நாட்கள் கூண்டில் நின்றார். ஷெக்கின் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஈரம் காயாத இரத்த மாதிரிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயிலில் நின்ற வண்டிக்குள் மணிக்கணக்கில் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் டி.என்.ஏ. சிதையும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்த போர்வையையே நிக்கோலின் உடல்மீது போர்த்தியிருந்தார்கள். அந்தப் போர்வையில் அந்த வீட்டுக்கு வந்துபோன யாருடைய முடியும் இருக்கலாம். பின்வாசல் கதவில் இருந்த இரத்தத்தை மூன்று வாரம் கழித்து ஜூலை 3 அன்றுதான் எடுத்தார்கள். காலுறையில் இரத்தம் இருப்பதை ஆகஸ்டில்தான் கண்டார்கள்.

இவற்றைவிடக் கனமானது ஒரு சிறு குப்பி. ஜூன் 13 அன்று காவல்துறைத் தலைமையகத்தில் சிம்ப்சனின் இரத்தம் எடுக்கப்பட்டது. துப்பறிவாளர் ஃபிலிப் வனாட்டர் அதை அங்கேயே பதிவு செய்து ஒப்படைக்காமல், கையோடு எடுத்துக்கொண்டு பல மைல் தள்ளியிருந்த சிம்ப்சன் வீட்டுக்குப் போய் ஃபங்கிடம் கொடுத்தார். இரத்தம் எடுத்த செவிலியர் சுமார் 8 மில்லிலிட்டர் எடுத்ததாக முதலில் சொன்னார். கணக்கில் வந்தது அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மில்லிலிட்டர் குறைவு. தான் துல்லியமாக அளந்து சொல்லவில்லை என்று பிறகு அவர் விளக்கினாலும், சந்தேகம் உள்ளே நுழைந்துவிட்டது. குப்பியில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் காலுறைக் கறையிலும் இருக்கிறதா என்று இரு தரப்பு நிபுணர்களும் மோதினார்கள். இருக்கிறது என்றால் அந்தக் கறை குப்பியிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வாதம் முழுதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சந்தேகத்தின் பலனைக் கேட்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை; நிரூபிக்க வேண்டிய சுமை அரசுடையது.

காவலர் சொன்னது

தடயம் கெட்டுப்போவது ஒன்று; கெடுக்கப்படுவது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஜூரியை நடத்திச் சென்றது மார்க் ஃபர்மன் என்ற துப்பறிவாளரின் வாய். சிம்ப்சன் வீட்டில் கையுறையைக் கண்டெடுத்தவர் அவர்தான். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைக் கடந்த பத்தாண்டுகளில் பயன்படுத்தியதே இல்லை என்று 1995 மார்ச்சில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். சில மாதங்களில் ஒலிநாடாக்கள் வெளிவந்தன. திரைக்கதை எழுதும் ஒரு பெண்ணுக்கு அவர் பல ஆண்டுகளாகக் கொடுத்த பேட்டிகள் அவை. அவற்றில் அந்தச் சொல் 41 முறை வந்தது. பிடிபட்டவர்களை அடித்ததையும் பொய்ச் சான்று உருவாக்குவதையும் பற்றிப் பெருமையடித்த பேச்சும் இருந்தது. நீதிபதி லான்ஸ் இட்டோ இரண்டு துணுக்குகளை மட்டுமே ஜூரி கேட்க அனுமதித்தார். மீண்டும் கூண்டேறிய ஃபர்மன், இந்த வழக்கில் தடயத்தை நீங்களே வைத்தீர்களா என்ற கேள்விக்கு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் அரசமைப்பு உரிமையைச் சொல்லிப் பதில் தர மறுத்தார். அப்போது ஜூரி அறையில் இல்லை. மறு ஆண்டு பொய்ச்சாட்சி வழக்கில் அவர் தண்டனை பெற்றார்.

1995 அக்டோபர் 3இல் தீர்ப்பு வந்தது. 265 நாட்கள் வெளியுலகத் தொடர்பின்றி வைக்கப்பட்டிருந்த ஜூரி நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே கலந்து பேசியது. குற்றவாளி அல்ல என்றது.

இறந்தவர்கள் பக்கம்

இந்தத் தீர்ப்பை வெற்றி என்று மட்டும் கொண்டாட நம்மால் முடியாது. சிம்ப்சன் தன்னை அடிக்கிறார் என்று நிக்கோல் பலமுறை காவல்துறையை அழைத்திருக்கிறார். 1989இல் அந்த வழக்கில் சிம்ப்சன் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டார், சிறை செல்லவில்லை. உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்ணின் குரலைக் காதில் வாங்காத அதே காவல்துறை, அவர் இறந்த பிறகு தடயத்தையும் பாழாக்கியது. 1997இல் உரிமையியல் நீதிமன்றம் இரு கொலைகளுக்கும் சிம்ப்சனே பொறுப்பு என்று கண்டு 3 கோடியே 35 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

காவல்துறையின் இனவெறி நிரபராதியைச் சிறைக்கு அனுப்பும் என்று நமக்குத் தெரியும். அதே இனவெறி உண்மையான சாட்சியத்தையும் நம்ப முடியாததாக்கும், கொல்லப்பட்டவரின் நீதியையும் சேர்த்துத் தின்னும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

ஜானி காக்ரன் யார்?

எதிர்த்தரப்பின் தலைமை வழக்கறிஞர் ஜானி காக்ரனைப் பணக்காரருக்குப் பேசிய வாய்வீச்சுக்காரர் என்று ஊடகங்கள் எழுதின. அவர் வந்த பாதை வேறு. 1966இல் கர்ப்பிணி மனைவியை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோன லெனார்ட் டெட்வைலர் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். அந்த மரண விசாரணையில் குடும்பத்தின் வழக்கறிஞர் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. காக்ரன் அரசு வழக்கறிஞரின் காதில் சொல்ல, அவர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நாள் முழுக்க அப்படியே நடந்தது. காவலர்மீது நடவடிக்கை இல்லை.

1972இல் கருஞ்சிறுத்தைகள் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜெரோனிமோ பிராட்டுக்காக ஒரு கொலை வழக்கில் வாதாடித் தோற்றார். முக்கிய அரசுத் தரப்புச் சாட்சி காவல்துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் தகவல் கொடுத்தவர் என்பதை அரசு மறைத்திருந்தது. பிராட் 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். காக்ரன் அந்த வழக்கைக் கைவிடவில்லை. சிம்ப்சன் தீர்ப்புக்கு இரண்டாண்டு கழித்து, 1997இல் அந்தத் தண்டனை ரத்தானது. பிராட் குற்றவாளி என்று தீர்ப்பான அதே 1972இல்தான் பம்பாயில் நம் தோழர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை வாங்கி தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கினார்கள். காக்ரனின் சந்தேகம் சிம்ப்சனுக்காக வாடகைக்கு வாங்கியதல்ல. முப்பதாண்டு அனுபவத்தில் விளைந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தை ஒன்பது மாதம் கட்டிக் காக்கும் பணம் சிம்ப்சனிடம் இருந்தது, பிராட்டிடம் இல்லை.

ஷெக்கும் நியூஃபெல்டும் சிம்ப்சன் வழக்குக்கு முன்பே, 1992இல், நியூயார்க் கார்டோசோ சட்டக் கல்லூரியில் நிரபராதிகளை மீட்கும் ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். சிறையில் கிடப்பவர்களின் பழைய தடயங்களை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவது அதன் வேலை. அமெரிக்காவில் இதுவரை 370க்கும் மேற்பட்டோர் அத்தகைய சோதனையால் விடுதலை பெற்றிருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். சிம்ப்சன் வழக்கில் டி.என்.ஏ.வைத் துருவியவர்களே அதை ஏழையின் கையில் ஆயுதமாகவும் கொடுத்தார்கள். இதில் முரண் இல்லை. சேகரிப்பு நேர்மையாக இருந்தால்தான் சோதனை உண்மை பேசும். தடயவியல் ஆய்வகங்களைக் காவல்துறை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையும் பரிந்துரைத்தது.

நமக்கு

இது தூர தேசத்துக் கதை என்று விட்டுவிட முடியாதபடி நம் வழக்குகள் இருக்கின்றன. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களிடமே டி.என்.ஏ. மாதிரி கேட்டார்கள், சிலர் தர மறுத்தார்கள். அறிவியலுக்கு அஞ்சி அவர்கள் மறுத்ததாக நான் நினைக்கவில்லை. அதைக் கொண்டுவந்த கையை அவர்கள் நம்பவில்லை. மறுபக்கம், கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு நின்றது. 2022இல் தண்டனையும் 2023இல் உயர் நீதிமன்றத்தில் அதன் உறுதியும் கிடைத்தன.

மாணவர்களே, உங்களில் சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள், தடய அறிவியல் படிப்பவர்களும் வர வேண்டும். சம்பவ இடத்தில் மகஜர் எழுதும்போது கையெழுத்துப் போட்டது யார், பொருள் எந்த நாளில் நீதிமன்றம் போனது, எந்த நாளில் ஆய்வகம் போனது, முத்திரை சரியாக இருந்ததா என்று பாருங்கள். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. வந்தாரா என்று கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி நமக்கு நம்பிக்கையான வழக்கறிஞரை அரசுத் தரப்பில் நியமிக்கக் கோரும் உரிமை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சிம்ப்சனுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரும்பணம் வாங்கிய வழக்கறிஞர் கூட்டம் இருந்தது. நம் சேரியில் ஒரு பிணம் விழுந்தால் அன்றிரவே அங்கே போய் இவற்றைக் கேட்க நாம்தான் இருக்கிறோம்.