தூசியா, அட்சதையா?

“எல்லாரும் கையை வீசறாங்க. அட்சதை எங்கடா?”

சித்தி கேட்ட இந்த ஒரு கேள்வியால் மூன்று வார இறுதிகள் போச்சு. கூடவே நாற்பது வருஷ ஆராய்ச்சி வரலாறு ஒன்றையும் தோண்ட வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்விக்குக் காரணம் ஒரு விஎச்எஸ் கேசட். 1988-ல் மேற்கு தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த சித்தப்பா கல்யாணம். கேசட் சித்தியின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. எனக்கு அது முக்கியம். ஏன்னா அந்தக் காலத்துக் கல்யாண போட்டோ எதிலும் அப்பா இருக்க மாட்டார். பந்தி, காபி, மேளக்காரர் கணக்கு என்று ஓடிக்கொண்டே இருந்த மனுஷன். இந்த வீடியோவில் மட்டும் தாலி கட்டுகிற நேரத்தில் தட்டில் அட்சதையை வைத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போவார். நாற்பது வினாடி. அப்பா நடக்கிற மாதிரி எங்களிடம் இருக்கிற படம் அவ்வளவுதான்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதலில் ஆட்டத்தை நிறுத்தினேன் (கேமராமேன் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே எடுத்திருக்கிறார், பின்னாடி லைட் பிடிக்கிற பையன் வேறு). பிறகு நாடா உதிர்ந்த இடங்களில் வரும் வெள்ளைக் கீற்றுகளை எடுக்க, டாவின்சி ரிசால்வில் இருக்கும் தானியங்கித் தூசி நீக்கியை ஓடவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. பெருமையோடு சித்தியிடம் காட்டினேன். கெட்டிமேளம் கொட்டுது, எல்லாரும் கையைத் தூக்கி வீசுகிறார்கள். வெறுங்கையை.

அந்த ஃபில்டரில், எங்கெங்கே கை வைத்தது என்று தனியாகக் காட்டும் ஒரு வசதி உண்டு. போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக அட்சதை மட்டும் பறந்துகொண்டிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள 1980களுக்குப் போகவேண்டும். ஃபிலிமில் ஒட்டிய தூசிக்கு ஒரு குணம் உண்டு: அது ஒரே ஒரு ஃப்ரேமில் இருக்கும். முந்தின ஃப்ரேமிலும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. அப்படியானால் மூன்று ஃப்ரேமை ஒப்பிட்டு, நடுவில் மட்டும் இருப்பதைத் தூக்கிவிடலாமே? பிபிசியின் பொறியாளர் ஸ்டோரி என்பவர் 1985-ல் இந்த வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். யோசனை அருமை. ஆனால் நகர்கிற பொருளும் அதே பிக்சலில் ஒரு ஃப்ரேம் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் இருக்காது. நகரும் கையெல்லாம் தூசி ஆகிவிடும்.

ஆக, தூசியைக் கண்டுபிடிக்க முதலில் அசைவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கருவி ஏற்கெனவே தயாராக இருந்தது, வேறொரு வேலைக்காக. 1981-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூகாஸும் டகேயோ கனாடேயும் ஒரு கணக்குமுறையை எழுதினார்கள். இரண்டு கேமராப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஆழம் அளப்பதுதான் அவர்கள் நோக்கம். அதே வருஷம் எம்ஐடியில் ஹார்ன், ஷங்க் என்ற இருவர் வேறு வழியில் அதே பிரச்சினையைத் தொட்டார்கள். இன்று எடிட்டிங் மென்பொருள் வீடியோ ஆட்டத்தை அடக்குவதுகூட இந்தப் பரம்பரையில் வந்த வித்தைதான்.

டிராக்கர் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதற்குத் தாம்பரம் ஸ்டேஷனைவிட நல்ல பாடசாலை கிடையாது. அடுத்த தடவை பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு ஸ்ட்ரா வழியாக ஓடுகிற மின்சார ரயிலைப் பாருங்கள். பெட்டியின் நீளவாக்கில் போகும் பெயின்ட் கோடு மட்டும் தெரிந்தால், ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. கதவின் மூலை வந்தால் உடனே தெரிந்துவிடும். டிராக்கருக்கும் இதே கதிதான். அதற்கு மூலைகள் வேண்டும். எந்தப் புள்ளிகள் பின்தொடர ஏற்றவை என்பதை மட்டுமே பற்றி 1994-ல் ஷி, டொமாசி இருவரும் எழுதிய கட்டுரை இன்றுவரை பாடமாக இருக்கிறது.

இதைப் படப் பழுதுபார்ப்புக்கு முறையாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அனில் கோகரம். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, பிறகு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியரானவர். அவருடைய முறையின் சாரம் இது: முந்தின ஃப்ரேமையும் அடுத்த ஃப்ரேமையும் அசைவுக்கு ஏற்றபடி நகர்த்தி இந்த ஃப்ரேமின் மேல் பொருத்து. அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போய், நடுவில் இருப்பது மட்டும் இரண்டோடும் முரண்பட்டால் அது அழுக்கு. 1998-ல் இதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். லண்டன் ஃபவுண்டரி நிறுவனத்தின் ஃபர்னஸ் என்ற மென்பொருள் தொகுப்புக்காக, அவரும் சக பொறியாளர்கள் மூவரும் 2007-ல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல் தொழில்நுட்ப விருதும் வாங்கினார்கள்.

இப்போது அட்சதைக்கு வருவோம். கையிலிருந்து வீசிய அரிசி வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நம்மூர் வீடியோவில் வினாடிக்கு 25 ஃப்ரேம். அதாவது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் தாண்டுகிறது. அரிசியின் நீளம் 7 மில்லிமீட்டர். தன் நீளத்தைப்போல 17 மடங்கு தூரம் குதிக்கும் பொருளை, பக்கத்திலேயே தேடும் டிராக்கர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

பெரிய குதியைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. படத்தைப் பாதியாக, கால் பங்காகச் சுருக்கினால் குதியும் சுருங்கும். சின்னப் படத்தில் தோராயமாகப் பிடித்து, பெரிய படத்தில் துல்லியமாக்கலாம். ஓடுகிற ஆளுக்கு இது வேலை செய்யும். அரிசிக்குச் செய்யாது. படத்தைச் சுருக்கும்போது அரிசியே காணாமல் போய்விடும். அப்படியே கண்டுபிடித்தாலும், நூறு அரிசியும் ஒரே ஜாடை. எது எதுவாக நகர்ந்தது?

இப்படி டிராக்கருக்கு அடங்காத அசைவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ‘பெத்தலாஜிக்கல் மோஷன்’, நோய்ப்பட்ட அசைவு. பறக்கும் துணி, தண்ணீர், புகை, சுழலும் விசிறி எல்லாம் இந்தப் பட்டியலில். மாங்கல்ய தாரணத்து அட்சதையும் வியாதிதான் போல. 2000களில் இதற்கு மருந்தும் தேடினார்கள். மூன்று ஃப்ரேமுக்குப் பதில் ஐந்து பார்ப்பது. தூசி தனிக்கட்டை, ஒரு ஃப்ரேமில் மட்டும் முரண்டு பிடிக்கும். அதே இடத்தைச் சுற்றி அடுத்தடுத்த ஃப்ரேம்களிலும் முரண்பாடு வந்துகொண்டே இருந்தால், அங்கே ஏதோ நிஜமாகவே நடக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் நாடா மோசமாக உதிர்ந்த இடத்திலும் இதேபோல அடுத்தடுத்து கீற்று வருமே. அங்கே இது அழுக்கைக் காப்பாற்றும்.

நம்ம ஊர் சினிமாவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. பந்துலுவின் ‘கர்ணன்’ 1964-ல் வந்தது. டிஜிட்டலில் புதுப்பித்து 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டு, சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடிய கதை பலருக்கும் ஞாபகம் இருக்கும். குருக்ஷேத்திரக் காட்சி என்றால் என்ன? அம்பு. மெல்லிய கோடு, அரை வினாடிக்குள் திரையைத் தாண்டிவிடும். அம்பும் அம்பும் மோதினால் தீப்பொறி, அது ஒன்றிரண்டு ஃப்ரேம். புராணப் படங்களின் உயிரே டிராக்கர் தூசி என்று நினைக்கிற சமாச்சாரங்களில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஃபில்டரை ஓடவிட்டால் கர்ணன் வெறும் வில்லைத்தான் இழுத்துக்கொண்டிருப்பார், எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

இதற்கு நேர் எதிர், நெடுக்குக் கீறல். டூரிங் டாக்கீஸில் ‘படத்துல மழை பெய்யுது’ என்போமே, அது. கீறல் பல ஃப்ரேம்களில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். டிராக்கருக்கு அது நல்ல பிள்ளை. தொங்கும் கயிறு என்று நினைத்து விட்டுவிடும். அரிசி போச்சு, கீறல் தங்கிச்சு.

நடனம் இன்னொரு தலைவலி. உதய் சங்கரின் ‘கல்பனா’ (1948) இந்திப் படம் என்றாலும் பிறந்தது மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவில். ஒளிப்பதிவு நம்ம கே. ராம்நாத். படம் முழுக்க கைகளும் விரல்களும் நிழல்களும். ஒரு கை இன்னொரு கையை மறைத்துவிட்டு மறுபடி வெளியே வரும்போது, டிராக்கர் பிடித்திருந்த புள்ளி அறுந்துவிடும். 2012-ல் உலக சினிமா அறக்கட்டளை புனே ஆவணக்காப்பகத்தில் இருந்த பிரதிகளைக் கொண்டு இத்தாலியின் போலோன்யா நகரத்துப் பட்டறையில் இதைப் புதுப்பித்தது. அந்த வருஷ கான் விழாவில் திரையிட்டபோது கதாநாயகி அமலா சங்கர் நேரில் வந்திருந்தார். இரண்டரை மணி நேரப் படம் என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் ஃப்ரேம். இந்த அளவு வேலையில் மென்பொருள் முதல் சுற்றை முடித்த பிறகு, எது விரல் நுனி, எது பூஞ்சை என்று கடைசியில் ஒரு மனிதக் கண்தான் சொல்லியாக வேண்டும்.

அந்த மனிதக் கண்களில் கணிசமானவை சென்னையில் இருக்கின்றன. சாலிகிராமம் பக்கம் பிரசாத் நிறுவனம் பல வருஷங்களாக வெளிநாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை வாங்கி, ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்து அனுப்புகிறது. ஸ்கேனிட்டி என்ற பெயர்பெற்ற ஃபிலிம் ஸ்கேனரைத் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனத்தையே அவர்கள் வாங்கிவிட்டார்கள். இதன் நிறுவனர் எல்.வி. பிரசாத், இந்தியின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ (1931), தமிழில் முதலாவதான ‘காளிதாஸ்’ (1931), தெலுங்கின் ‘பக்த பிரகலாதா’ (1932) மூன்றிலும் நடித்தவர். ஆலம் ஆராவுக்கும் காளிதாஸுக்கும் இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. உலகத்துப் படங்களையெல்லாம் துடைக்கிற ஊரில், துடைப்பதற்கு நம் முதல் படமே இல்லை. (பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டதும் அதே 1931-தான். ரயிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.)

சரி, நம்ம கேசட்டுக்கு வருகிறேன். அரிசி விவகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் இன்னொரு தப்பும் கண்ணில் பட்டது. ஆட்டத்தை நிறுத்துவதும் டிராக்கிங்தான். மண்டபத்துத் தூண், மாலை என்று அசையாத புள்ளிகளைப் பிடித்து, அவை ஒரே இடத்தில் நிற்கும்படி ஒவ்வொரு ஃப்ரேமையும் எதிர்த்திசையில் நகர்த்தும். அப்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். எங்கள் கேமராமேன் மணமக்களைத்தான் நடுவில் வைத்திருந்தார். அப்பா இடது ஓரம். தட்டும் கையும் மட்டும் எட்டிப்பார்த்தது. அட்சதையை ஒரு ஃபில்டர் அழித்தது, கொடுத்த ஆளை இன்னொன்று வெட்டியது. நானும் ‘என்ன ஸ்மூத்தா இருக்கு’ என்று பார்த்து ரசித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஆட்டத்தை நிறுத்தவில்லை. கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும் என்றுகூட ஒருமுறை முயன்றேன், மண்டபமே கப்பல் மாதிரி மிதந்தது. விட்டுவிட்டேன். தூசி நீக்கியை மற்ற இடங்களில் மட்டும் ஓடவிட்டு, அந்த நாற்பது வினாடியைக் கையால் செய்தேன். நாற்பது வினாடி என்றால் ஆயிரம் ஃப்ரேம். ஒவ்வொன்றாக நகர்த்தி, இது கீற்று, இது அரிசி என்று. கீற்று படுக்கைவாக்கில் நேராக இருக்கும், ஒரு வரியை விட்டுத் தாண்டாது. அரிசி சாய்ந்து விழும். முதல் நூறு ஃப்ரேமுக்குப் பிறகு கண் பழகிவிட்டது.

பழகியும் பதினோரு இடங்களில் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூர் போய் சித்தியிடம் போட்டுக் காட்டினேன். படம் ஆடியது, வெள்ளைக் கோடு கோடாக வந்தது. அட்சதை விழுந்தது. சித்தி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கொஞ்சம் பின்னாடி போடு, மாமா தட்டை நீட்டறப்ப என்னவோ சொல்றார் பாரு” என்றார்.

நாலு தடவை பார்த்தோம். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.