பர்மிட் சிமெண்ட் காலம்

இன்று கடைக்குப் போன் செய்தால் ஒரு மணி நேரத்தில் சிமெண்ட் வாசலில் இறங்குகிறது. வீட்டில் சின்ன மராமத்து என்றாலும் தாலுகா ஆபீஸ் படி ஏறிய நாட்கள் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. யுத்த காலத்தில் வந்த சிமெண்ட் கட்டுப்பாடு, நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. விலையை அரசு நிர்ணயிக்கும், யாருக்கு எத்தனை மூட்டை என்பதையும் அரசே சொல்லும். பர்மிட் இல்லாதவருக்குக் கள்ளச் சந்தைதான் கதி. மகாராஷ்டிரத்தில் இந்த சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில்தான் முதலமைச்சர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகினார். ஒரு மூட்டை சிமெண்டுக்கு அவ்வளவு மகிமை!

1978-ல் எங்கள் வீட்டு மெட்ராஸ் டெரஸ் ஒழுக ஆரம்பித்தது. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா பி.எஃப். கடன் போட்டிருந்த பணம் அதற்குத்தான். அதில் கை வைக்காமல், ஐப்பசி மழைக்கு முன் மாடியைச் சரி செய்ய வேண்டும். எஸ்டிமேட் எழுதி முப்பது மூட்டை கேட்டோம். கிடைத்தது பன்னிரண்டு.

மாடி முழுவதையும் பிரித்து கான்கிரீட் போடலாம் என்றார் பக்கத்துத் தெரு மேஸ்திரி. அப்பா அதற்கு இசையவில்லை. தேக்கு உத்திரங்களைத் தட்டிப் பார்த்தார், ஒன்றில்கூடச் செல் அரிப்பு இல்லை. உத்திரத்தின் மேல் நெட்டுக்குத்தாகச் சாய்த்து அடுக்கிய செங்கல் வரிசையும் உறுதியாக இருந்தது. பழுது மேலே உள்ள தட்டோட்டிலும் அதன் கீழே இருந்த ஜல்லியிலும்தான். அதை மட்டும் எடுத்தால் போதும், அதற்குச் சுண்ணாம்பே போதும் என்று முடிவு செய்தார்.

வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, உடைத்த செங்கல் ஜல்லி, கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்தார்கள். அந்தத் தாளம் தெருக்கோடி வரை கேட்கும். சுண்ணாம்பில் ஒரு சௌகரியம் உண்டு. மிஞ்சிய காரையை ஈரச்சாக்கு போட்டு மூடி, மறுநாள் திரும்பக் கலந்து எடுக்கலாம். கலந்த சிமெண்ட் அப்படிக் காத்திருக்காது. (முல்லைப் பெரியாறு அணையே 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டி முடித்ததுதான். நம் மாடி எம்மாத்திரம்?)

பன்னிரண்டு மூட்டையும் ஓடு பதிக்கவும் கைப்பிடிச் சுவர்ப் பூச்சுக்கும் மட்டும் என்று ஒதுக்கி, சாவி அம்மாவிடம் போனது. மாலை நான்கு மணிக்கு மேல் புது மூட்டை பிரிக்கக் கூடாது என்பது அம்மா சட்டம். சாயங்காலம் காலிச் சணல் சாக்குகளை எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதுவார். சாக்குக்கும் விலை உண்டே! மணல் வண்டி வந்தால் அப்பா கையோடு அளப்பார். சனிக்கிழமை கூலி கொடுத்ததும், அந்த வாரம் எத்தனை சதுரம் முடிந்தது என்று அதே பக்கத்தில் குறிப்பார். கூலி ஏறி வேலை ஏறவில்லை என்றால் திங்கட்கிழமையே தெரிந்துவிடும். வேலை முடிந்தபோது ஒன்றரை மூட்டை மீதி இருந்தது. பி.எஃப். பணம் தொடப்படவில்லை.

1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. ஆலைகள் ஒரு பங்கை லெவியாக அரசுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெளிச் சந்தையில் விற்கலாம் என்றானது. 1989 மார்ச்சில் முழுவதுமாக நீங்கியது. நல்ல காரியம்தான், அந்த வரிசையில் நின்ற யாரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன்பின் எங்கள் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. "இன்னும் ரெண்டு மூட்டை சொல்லுங்க சார்" என்ற வார்த்தையும் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. போன வருடம் என் மகன் குளியலறை மாற்றியபோது அதை ஏழு தடவை கேட்டேன். எட்டாவது தடவைக்கு முன் அப்பாவின் நோட்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். இப்போது அது அவன் மேஜையில் இருக்கிறது.