ஆளைப் பார்த்து எழுதிய தீர்ப்பு: கொலைக்களக் காதையிலிருந்து ‘லாக்கப்’ வரை

கோவலனை வெட்டியவனுக்குச் சிலப்பதிகாரத்தில் பெயர் இல்லை. படிப்பறிவில்லாத குடிகாரக் காவலன் ஒருவன் என்பதோடு இளங்கோ விட்டுவிடுகிறார். ஆனால் அந்த வாள் விழுமுன் நடக்கும் பேச்சை மட்டும் அவர் அவசரப்படாமல் எழுதுகிறார். கோவலனைப் பார்த்த காவலர்களுக்குத் தயக்கம் வருகிறது; இவன் முகத்தில் கள்வனுக்குரிய குறி எதுவும் இல்லையே என்கிறார்கள். அரசியின் சிலம்பைத் திருடியதாகக் கோவலன் மேல் பழி சுமத்திய பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவுக்குத் துணையாகும் எட்டையும் எண்ணிச் சொல்லிப் பாடமே நடத்துகிறான். அதைக் கேட்ட இளைஞன் ஒருவனுக்குப் பழைய மழை இரவு நினைவுக்கு வருகிறது. இருட்டில் எதிர்ப்பட்ட கள்வன் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். சந்தேகம் பயமாகிறது, பயம் வெட்டாகிறது. இத்தனைக்கும் நடுவில் கோவலனிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அரசனும் கேட்கவில்லை. ஊடிச் சென்ற தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரம் அவனுக்கு. சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவாருங்கள் என்று வழியிலேயே சொல்லிவிட்டுப் போகிறான். பொருள் யார் கையில் இருக்கிறதோ அவனே கள்வன். இந்த வழக்கில் நடந்த ஒரே விசாரணை, கொலை முடிந்த பிறகு கோவலனின் மனைவி கண்ணகி நடத்தியதுதான். சிலம்பின் பரலில் முத்தா மாணிக்கமா என்ற ஒரே கேள்வியில் அரசன் தன்னையே கள்வன் என்று ஒப்புக்கொண்டு விழுகிறான்.

குற்றத்தையும் தண்டனையையும் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை வரிசையாகப் படித்தால், அந்தக் காவலர்களின் தயக்கம் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரிகிறதா? குற்றம் என்ன என்பதைவிட ஆள் யார் என்பதே சாட்சியாகிவிடும் நிலையைத் தமிழ் எழுத்தாளர்கள் காலந்தோறும் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் தேடல்.

காப்பியத்திலேயே சங்கடமான ஓர் இடம் உண்டு. அந்த அரசன் நெடுஞ்செழியனுக்குப் பின் வந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்ற செய்தி அது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்துக்கு அந்தத் தொழிலே பலியாகிறது. கண்ணகியின் நீதியைப் பேசும் மேடைகளில் இந்த ஆயிரம் பேரை யாரும் நினைவுகூர்ந்து நான் கேட்டதில்லை. காப்பியமும் சில அடிகளில் கடந்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடப்பதாக எழுந்த புகார்களை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே தாசில்தார் கையில் இருந்த காலம். அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ச் சொற்கள் சில அப்படியே ஏறியிருக்கின்றன. கிட்டி என்பது கையையோ விரலையோ இடையில் வைத்து நசுக்கும் இரண்டு கட்டைகள். அண்ணாந்தாள் என்பது தலையையும் காலையும் சேர்த்து வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்ட ஆணையம், பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல் போட்டு வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றியது. அங்கும் ஆளைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

இதன் தொடர்ச்சியாக 1859இல் போலீஸ் தனித்துறையானது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 25ஆவது பிரிவில் சொன்னது. ஆனால் 27ஆவது பிரிவில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால், அதற்குரிய பகுதி மட்டும் செல்லும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நம்பாத சட்டம், கண்டெடுத்த சிலம்பை நம்பியது. அந்த வாசல் வழியாகப் போனவர்களின் கதை பின்னால் வருகிறது.

சட்டம் இப்படி உருவாகிக்கொண்டிருந்தபோதே தமிழில் நாவல் பிறந்தது. முதல் நாவலாசிரியரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வக்கீல்களைக் கேலி செய்கிறது. மக்களுக்குப் புரியாத மொழியில் நீதிமன்றம் நடப்பதைக் கண்டிக்கிறது. ஆனால் அவருடைய பார்வை நீதிபதியின் இருக்கையிலிருந்து விழும் பார்வை. கூண்டில் நிற்பவனின் கண்ணுக்குத் தமிழ் நாவல் வந்துசேர இன்னும் நூறாண்டு ஆனது.

அதற்கு முன் துப்பறிவாளர் வந்துவிட்டார். பண்டித நடேச சாஸ்திரி 1894இல் படைத்த தானவன் ஒரு போலீஸ் நிபுணன். அடுத்து ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸைத் தமிழாக்கித் தந்த ஆரணி குப்புசாமி முதலியார் என்று ஒரு பெரிய வாசகச் சந்தையே உருவானது. ‘மணிக்கொடி’ இதழின் எழுத்தாளர்களுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு என்றாலும் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். இந்த நாவல்களில் அப்பாவி மேல் பழி விழும். பணமும் செல்வாக்கும் உள்ள பெரிய மனிதரே வில்லனாக இருப்பார். பார்த்தால் தெரியாது என்பதுதான் கதையின் சுவாரஸ்யமே. கிட்டி இல்லாமல், அடி இல்லாமல், மூளையால் மட்டும் உண்மை வெளிவரும் என்ற ஆசையை விற்ற எழுத்து அது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில் அந்த ஆசைக்கு நல்ல கிராக்கி இருந்ததில் வியப்பில்லை. 1968இல் ‘நைலான் கயிறு’ நாவலில் சுஜாதா அறிமுகப்படுத்திய கணேஷ் போலீஸ்காரர் அல்ல, வக்கீல். விசாரணை ஸ்டேஷனை விட்டு வக்கீல் அறைக்கு இடம் மாறியது சாதாரண மாற்றம் அல்ல.

நாவல் வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கொலைச்சிந்து இருந்தது. ஊரில் ஒரு கொலை விழுந்தால் அது பாட்டாகி, மட்டக் காகிதத்தில் அச்சாகி, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்கப்படும். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டு ஆராய்ந்தது இந்தக் குஜிலிப் பதிப்புகளைத்தான். சிந்துக்காரர் சாட்சி தேட மாட்டார். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அழத் தொடங்குவார்.

பிறப்பையே குற்றத்துக்குச் சாட்சியாக்கிய சட்டமும் இதே காலத்தில்தான் வந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்த வரலாற்றை நாவலாக்க ஒருவர் வர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ தாதனூர்க் கள்ளர்களின் களவையும் காவலையும் ஒரே தொழிலின் இரு பக்கமாகக் காட்டுகிறது. காணாமல் போன மாட்டை மீட்டுத் தருபவருக்குக் கொடுக்கும் பணத்தின் பெயர் துப்புக்கூலி. துப்பறியும் கோவிந்தன் அறிந்த துப்பும் இதே சொல்தான். ஒருவருக்கு அது அறிவு, இன்னொருவருக்குக் குற்றம்.

கொலை செய்தவனின் பக்கத்திலேயே போய் நின்ற நாவல் பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், ஆளே போய்விட்டான். அதன்பின் அப்பனும் மகனும் காடுமேடாக ஒளிந்து, சமைத்துத் தின்று, பழைய கதைகளைப் பேசிக்கொண்டு திரிவதுதான் நாவல். கடைசியில் சரணடையக் கிளம்பும்போது அவர்கள் போவது கோர்ட்டுக்கு. ஸ்டேஷனில் சிக்காமல் நேரே நீதிபதி முன் போய் நின்றுவிட வேண்டும் என்பது நம் ஊரில் வக்கீல் குமாஸ்தா முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்த சட்டம். எந்தப் பிரிவிலும் எழுதப்படாதது.

இலக்கியம் நீதிமன்றத்தோடு நேருக்கு நேர் மோதியது கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதில் முற்றிய பகையில், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதார்கள் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. நிலமும் வசதியும் கொண்டவர்கள், கார் வைத்திருப்பவர், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் அமைந்த அந்தத் தீர்ப்பின் வாதம் இன்றுவரை பேசப்படுகிறது. கோவலனைப் பார்த்துக் காவலர்களுக்கு வந்த அதே ஐயம்தான் இது. அங்கே அது வாளைத் தடுக்கவில்லை. இங்கே தண்டனையைத் தடுத்துவிட்டது.

இரண்டே ஆண்டில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்தது. 1977இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் கிராமத்தைப் பார்ப்பதாக விரியும் நாவலில், நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் வன்முறைக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக்குறை ஒரு காரணமாக வைக்கப்பட்டது. வர்க்கப் போரைப் படுக்கையறைச் சிக்கலாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கும் அந்த எதிர்ப்பில் உடன்பாடு உண்டு. நீதிமன்றம் மிராசுதாரின் காரைப் பார்த்தது, நாவலாசிரியர் அவருடைய உடம்பைப் பார்த்தார்; கூலிக்காரர்களை இருவருமே முழுதாகப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தஞ்சை வட்டாரத்துக்காரரான சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ நாவலில் பெரிதும் நிரப்பினார். கீழத்தஞ்சை விவசாயிகளின் பேச்சிலிருந்தே அது எழுந்தது. 1999 ஆகிவிட்டது அதற்கு.

இந்த நூற்றாண்டில் எழுதும் கையே மாறுகிறது. ச. பாலமுருகன் மனித உரிமை வழக்கறிஞர். வீரப்பன் வேட்டையின் பெயரால் சத்தியமங்கலம் மலைப்பகுதிச் சோளகர் பழங்குடிகளுக்கு அதிரடிப்படை இழைத்த கொடுமைகளை நேரில் கேட்டறிந்து ‘சோளகர் தொட்டி’ எழுதினார். மலையில் இருந்த சித்திரவதைக் கூடத்துக்கு ‘ஒர்க் ஷாப்’ என்று பெயர். கிட்டிக்கு இருந்ததுபோல இதற்கும் ஒரு தொழிற்பெயர். ஒரு பொற்கொல்லனுக்காக ஆயிரம் பொற்கொல்லர் என்ற பழைய கணக்கு, ஒரு வீரப்பனுக்காக ஊர் ஊராக விரிந்ததை நாவல் கொஞ்சமும் அலங்காரம் இல்லாமல் சொல்கிறது.

மு. சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1983இல் பிழைக்கப் போன குண்டூரில், செய்யாத திருட்டுக்காக நண்பர்களோடு பிடிபட்டு, நாட்கணக்கில் ஸ்டேஷனிலும் மாதக்கணக்கில் சிறையிலும் கிடந்தார். 2006இல் வந்த ‘லாக்கப்’ அந்த நாட்களின் குறிப்பு. ஊர் தெரியாது, மொழி தெரியாது, கேட்க ஆள் இல்லை. கேஸை முடிக்க இதைவிட வசதியான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். எடுத்ததை ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். எடுக்காத பொருளை எங்கிருந்து காட்டுவது? 27ஆவது பிரிவின் வாசலில் அடிபட்டு நிற்பவன் எழுதிய வாக்குமூலம் இது. துப்பறிவாளர் இல்லை, வக்கீல் இல்லை, அடி எங்கே விழுந்தது என்பது மட்டும் இருக்கிறது.

வெற்றிமாறன் இதை ‘விசாரணை’ என்ற படமாக்கினார். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. படத்தின் பிற்பாதி புத்தகத்தில் இல்லை. ஆந்திராவில் விடுதலையான இளைஞர்கள் தமிழ்நாட்டு ஸ்டேஷன் ஒன்றில், பார்க்கக் கூடாத ஒரு சாவைப் பார்த்துவிடுகிறார்கள். புத்தகத்தை எழுதியவர் குண்டூரிலிருந்து உயிரோடு ஊர் திரும்பினார். படத்தில் வருபவர்கள் இருட்டில் துரத்தப்பட்டுச் சுடப்படுகிறார்கள்.