இதய உள்ளுறை அழற்சியும் பல் மருத்துவமும்

இதயத்தின் உட்புறச் சவ்வையும் வால்வுகளையும் கிருமிகள் பற்றிக்கொள்வதால் வருவது தொற்று இதய உள்ளுறை அழற்சி. மருத்துவர்கள் பேச்சில் இது 'எண்டோகார்டைட்டிஸ்'. அடிக்கடி காணும் நோயல்ல, ஆனால் கொடியது. சிகிச்சை பெறாதவர் பிழைப்பது அரிது. நல்ல சிகிச்சை கிடைத்தும் மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை இது கொண்டுபோய்விடுகிறது.

பழுதில்லாத வால்வில் கிருமி எளிதில் ஒட்டுவதில்லை. வாதக் காய்ச்சலால் தழும்பேறிய வால்வு, பிறவியிலேயே குறையுள்ள இதயம், அறுவை செய்து பொருத்திய செயற்கை வால்வு ஆகியவையே பெரும்பாலும் இடம் கொடுக்கின்றன. இரத்தம் சுழித்து மோதும் இடத்தில் சவ்வு சிராய்த்துக்கொள்ளும். அங்கே தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் படியும். இரத்தத்தோடு வரும் கிருமிக்கு அந்தப் படிவே கூடு. வாயில் வாழும் விரிடான்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சர்க்கரையிலிருந்து ஒருவகைப் பசையைச் சுரக்கும். பல்லில் அழுக்குப் படலமாக அப்பிக்கொள்ள உதவும் அந்தப் பசை, வால்விலும் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. நாளடைவில் வால்வின் விளிம்பில் மரு போன்ற முளைகள் தொங்கும். ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்நோயை விரிவாக விளக்கினார். இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் இரத்தத்தில் நியூயார்க் மருத்துவர்கள் 1911இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கண்டார்கள். ஏற்கெனவே வால்வு பழுதானவர் அவர். நோய் இன்னதென்று தெரிந்தும் கொடுக்க மருந்தில்லை. அந்த ஆண்டு மே மாதம் வியன்னாவில் இறந்தார். பெனிசிலின் வந்தது 1940களில்தான்.

வாய்க்கும் இதயத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1935இல் ஓக்கெல், எலியட் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் உறுதிப்படுத்தினர். பல் பிடுங்கிய உடனே எடுத்த இரத்தத்தில், பெரும்பாலோருக்குக் கிருமி இருந்தது. 1955இல் அமெரிக்க இதயச் சங்கம், பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு, வால்வில் சிறு குறை உள்ளவர்களுக்குக்கூட மாத்திரை எழுதுவது வழக்கமானது. 2007இல் அதே சங்கம் வட்டத்தை வெகுவாகச் சுருக்கியது. காரணம், பல் துலக்கும்போதும் உணவை மெல்லும்போதும்கூடக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. எப்போதோ ஒருநாள் பிடுங்கும் பல்லைவிட, அன்றாடம் கசியும் ஈறே பெரிய வாசல்.

இப்போது அச்சங்கத்தின் பரிந்துரைப்படி முன்தடுப்பு மருந்து நான்கு வகையினருக்கே: செயற்கை வால்வு உள்ளவர்கள், இந்நோய் ஏற்கெனவே வந்து மீண்டவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள், மாற்று இதயம் பொருத்தியபின் வால்வு பழுதானவர்கள். பல் எடுத்தல், ஈற்றுக்கடியில் காரை சுரண்டுதல், வேர்முனையைத் தொடும் சிகிச்சை போன்றவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகப் பெரியவர்களுக்கு 2 கிராம் அமாக்சிசிலின், ஒரே வேளை. எக்ஸ்ரே எடுக்கவோ, பால் பல் தானாக விழுவதற்கோ தேவையில்லை. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு நெடுங்காலம் கொடுத்துவந்த கிளிண்டாமைசினை, அதன் பக்கவிளைவுகள் கருதி 2021இல் அச்சங்கம் கைவிட்டது. வேறு மாற்றுகள் உள்ளன. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008இல் முன்தடுப்பே வேண்டாம் என்றது; 2016இல் 'வழக்கமாக' வேண்டாம் என்று திருத்தியது. ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கொடுப்பதே சரி என்பது இக்கட்டுரையின் துணிபு.

நோய் பதுங்கித்தான் வரும். வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, எடைக்குறைவு. கூர்ந்து பார்த்தால் நகத்துக்கடியில் மரச்சிராய் ஏறியது போன்ற செந்நிறக் கோடுகளும், விரல் நுனியில் தொட்டால் வலிக்கும் சிறு முடிச்சுகளும் சிலரிடம் தெரியும். இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும், இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் நோயைக் காட்டிக்கொடுக்கும். நம்மூரில் நேரும் பெருந்தவறு, காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது. அப்படிச் செய்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறுவார். சிகிச்சை என்பது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் இரத்தநாளம் வழியே மருந்து. சிலருக்கு வால்வு மாற்று அறுவையும்.

வாதக் காய்ச்சலின் வடு இந்தியாவில் இன்னும் ஆறவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கிய சித்ரா செயற்கை வால்வு 1990 முதல் பொருத்தப்படுகிறது. செயற்கை வால்வோடு வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் பல் மருத்துவரிடம் போகும்போது வால்வு அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் எடுப்பதற்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. பல் வலிக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈற்றைக் காட்டுங்கள். நாற்காலியில் உட்காருமுன், 'எனக்கு வால்வு போட்டிருக்கு' என்று சொல்லிவிடுங்கள்.